மழையில் ஃபோர்வீல் வண்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நான்கு சக்கரங்களுக்கும் என்ஜின் விசை போகும் ஃபோர்வீல் வண்டிகளைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. கோலாலம்பூரில் சாயங்கால மழை தொடங்கிவிட்டதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உலு லங்காட் பக்கம் நண்பரின் டுரியான் தோட்டத்துக்குப் போக ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். ஸ்நோர்கல் மாட்டிவிட்டேன். எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம், அண்ணா? (செராஸ் வாசகர்)

என்ஜின் காற்றிழுக்கும் வாயை ஸ்நோர்கல் மேலே உயர்த்துகிறது, அவ்வளவுதான். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி), வயரிங் எல்லாம் முன்பு இருந்த உயரத்திலேயே இருக்கின்றன. ஃபோர்ட் ரேஞ்சருக்கு 800 மில்லிமீட்டர், டொயோட்டா ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர் என்று நிறுவனங்கள் சொல்வது ஓடாமல் நிற்கும் தண்ணீருக்கான அளவு. ஓடும் தண்ணீர் வேறு கணக்கு. முழங்காலைத் தாண்டி, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடினால் பிக்கப்பையே தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் வண்டியைத் தூக்கத் தொடங்கியதும் டயருக்குப் பிடிமானம் போய்விடுகிறது. அந்த நேரத்தில் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை.

முதலில் கையில் ஒரு கம்போடு கரையோரமாக ஆழத்தையும் அடித்தரையையும் பாருங்கள். நடக்கவே பயமாக இருக்கும் ஆற்றில் வண்டியையும் இறக்க வேண்டாம். இறங்குவதாக இருந்தால் 4எல் (நான்கு சக்கர இழுவையில் மெதுவான, வலுவான நிலை), முதல் அல்லது இரண்டாம் கியர், சீரான மெதுவான வேகம். நடுவில் கியர் மாற்றக் கூடாது. என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கெப்பாலா ஆயேர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் ஆற்று வெள்ளம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் அடித்து வந்தாலோ, ஆற்றின் சத்தம் கூடினாலோ அந்த நிமிடமே எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றுங்கள். வண்டியை எடுக்கத் திரும்பி ஓடாதீர்கள். தோட்டத்தில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் இரவு அங்கேயே தங்கிவிடுங்கள்.

ஆற்றில் இறங்கி வந்த வண்டியை வீட்டில் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதாதா? (காஜாங் வாசகர்)

போதாது. சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் ப்ரீதர் குழாய் தாழ்வாகவோ, சீல் தேய்ந்தோ இருந்தால் அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். போர்மேனிடம் சொல்லி முன், பின் டிஃபரன்ஷியல் ஆயிலையும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடிக்கும், அப்புறம் செலவு பல மடங்காகும்.

அச்சுகளுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்டில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் வாய்) இருந்தால் புது கிரீஸ் அடியுங்கள், பழைய கிரீஸோடு தண்ணீரும் வெளியே வரும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டியானால் அதைக் கழற்றி உள்ளே இருக்கும் சேற்றைக் கழுவ வேண்டும். ஆற்றை விட்டு ஏறியவுடனேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு பிரேக்கை நாலைந்து முறை லேசாக மிதியுங்கள். ஈரப் பிரேக்கோடு இறக்கத்தில் இறங்குவது ஆபத்து.

மழை நேரத்தில் காராக் நெடுஞ்சாலையில் 4எச் (நான்கு சக்கர இழுவையில் வேகமான நிலை) போட்டு ஓட்டினால் பாதுகாப்புதானே, ஐயா? (கோம்பாக் வாசகி)

உங்கள் வண்டி எந்த வகை என்பதைப் பொறுத்தது, அம்மா. பெரும்பாலான பிக்கப்புகளில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் அது நடக்காததால் ஸ்டியரிங் இறுகும், டிரான்ஸ்பர் கேஸில் பாரம் ஏறும். மிட்சுபிஷி டிரைட்டனில் சூப்பர் செலக்ட் என்ற ஃபோர்வீல் அமைப்பு உள்ள மாடல்களுக்கு நடு டிஃபரன்ஷியல் உண்டு, அவற்றில் தார்ச்சாலையிலும் 4எச் போடலாம்.

எந்த வண்டியானாலும் ஃபோர்வீல் பிரேக் தூரத்தைக் குறைக்காது. பின்னால் சுமை இல்லாத பிக்கப் ஈரச்சாலையில் பின்பக்கம் எளிதாக வழுக்கும். சேற்று டயர் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வேகத்தைக் குறைத்து, முன்வண்டியோடு இடைவெளியைக் கூட்டுங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்குங்கள். நல்ல டயரும் இந்தப் பழக்கமும்தான் உங்களைக் காக்கும்.

செம்பனைத் தோட்டத்தில் நண்பரின் வண்டி புதைந்தது. என் வண்டியின் டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில்) கயிறு மாட்டி இழுத்தோம், வந்துவிட்டது. இப்படிச் செய்யக் கூடாது என்கிறார்களே? (பந்திங் வாசகர்)

செய்யவே கூடாது. ஒன்றும் ஆகாமல் தப்பியது நல்ல நேரம். டோ பால் டிரெய்லரை சீராக இழுப்பதற்காகச் செய்தது. புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது ஏறும் பாரம் வேறு. அது முறிந்தால் இழுபட்ட கயிற்றின் விசையோடு குண்டு மாதிரி பறக்கும். உலகில் பல இடங்களில் இப்படி உயிர் போயிருக்கிறது. வண்டியைக் கப்பலில் ஏற்றிக் கட்டுவதற்காக வைத்த சின்ன வளையங்களும் இதற்கு ஆகாது. சேஸிஸில் போல்ட் போட்ட, பாரம் குறித்த கொக்கிதான் வேண்டும்.

இழுப்பதற்கு முன் மண்வெட்டி எடுத்து டயருக்கு முன்னால் இருக்கும் மண்ணை வெட்டுங்கள். டயர் காற்றைக் குறையுங்கள். பாதி நேரம் அதிலேயே வண்டி ஏறிவிடும். சங்கிலி வேண்டாம். கயிற்றின் மேல் கனமான கோணியோ ஜாக்கெட்டோ போடுங்கள். ஓட்டுநர்களைத் தவிர மற்ற எல்லாரும் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க அருகில் வருவார்கள், அவர்களை முதலில் அனுப்பிவிடுங்கள்.

சேற்றில் டயர் காற்று எவ்வளவு வைக்கலாம்? (ரவாங் வாசகர்)

சேற்றுக்கு 20 முதல் 22 பிஎஸ்ஐ ஒரு நல்ல தொடக்கம். மெதுவாகப் போங்கள், சட்டென்று திருப்பாதீர்கள், டயர் ரிம்மை விட்டு நழுவும். தார்ச்சாலை ஏறும் முன் பழைய அளவுக்கு ஏற்றியே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். சின்ன கம்ப்ரஸர் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள்.

டீசல் பிக்கப்பில் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிகிறது. தினமும் பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ நெரிசலில்தான் ஓடுகிறது. (செந்தூல் வாசகர்)

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க வெப்பம் வேண்டும். நகர நெரிசலில் அது கிடைப்பதில்லை. விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது சீராக ஓட்டுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். அப்படியும் அணையாவிட்டால் வர்க்‌ஷாப்புக்குப் போங்கள். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் டீசல் கலந்திருக்கலாம், அதோடு ஓட்டக் கூடாது.

கரி எரியும் நேரத்தில் புகைக்குழாய் கடுமையாகச் சூடேறும். அப்போது காய்ந்த லாலாங் புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.