டிவியில் வாங்கிய வெள்ளிக்கு விபூதி வேண்டாம்

நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆறு வருஷமாக டிவியிலேயே பொருள் விற்கும் கியூவிசி, எச்எஸ்என் சானல்களைப் பார்த்துப் பார்த்து வெள்ளி நகை வாங்குகிறேன். நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. டர்காய்ஸ் என்ற நீலக் கல் வைத்த அமெரிக்கத் தென்மேற்கு பாணிக் காப்புகள், பாலித் தீவு வேலைப்பாட்டுச் செயின்கள், தங்க முலாம் போட்ட கம்மல்கள் எல்லாம் இருக்கின்றன. பாதி பெட்டியிலேயே கறுத்துவிட்டது. ஊரில் செய்வதுபோல விபூதி போட்டுத் தேய்க்கலாமா? சென்னையில் ஒரு கடைக்காரர், 'ஹால்மார்க் இல்லை, ஜெர்மன் சில்வராக இருக்கும்' என்றார். உண்மையா? விற்றால் போட்ட காசு வருமா? இவ்வளவு கனமான நகை புடவைக்கு ஒத்துவருமா?"

விபூதி வேண்டாம் அம்மா. இன்றைக்கே தேய்க்க உட்கார்ந்துவிடுவீர்களோ என்றுதான் இதை முதலில் சொல்கிறேன். சந்தனக் கிண்ணம், பஞ்சபாத்திரம், குங்குமச்சிமிழ் போன்ற வழவழப்பான கெட்டி வெள்ளிக்கு விபூதி சரிதான். மேலே படிந்த கறுப்பை மெல்ல அரைத்து எடுத்துவிடும். உங்கள் பெட்டியில் இருப்பது வேறு வகை. பாலி வேலைப்பாட்டில் கடுகு கடுகாக ஒட்டிய உருண்டைகளுக்கு நடுவே தெரிகிறதே, அந்தக் கறுப்பு பட்டறையில் வேண்டுமென்றே ஏற்றியது. கந்தகக் கரைசலில் முக்கிக் கறுக்க வைத்து, பிறகு மேடான இடத்தை மட்டும் மெருகேற்றுவார்கள். பள்ளம் கறுத்திருந்தால்தான் பூவும் கொடியும் எழுந்து நிற்கும். தென்மேற்கு பாணி நகைகளிலும் இதே வேலைதான்.

என் பட்டறைக்கு ஒரு அம்மா இப்படிப்பட்ட பாலி காப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அலுமினியத் தாள், சமையல் சோடா, கொதிக்கும் நீர் என்று வீடியோவில் பார்த்ததைச் செய்திருக்கிறார். காப்பு முழுக்க ஒரே வெளுப்பு. பூ எது, இலை எது என்று லென்ஸ் வைத்துத்தான் பார்க்க முடிந்தது. நான் மறுபடி கறுப்பு ஏற்றிக் கொடுத்தேன். ஆனால் முதலில் செய்தவர் கையில் வந்த அந்த ஆழம் வரவில்லை.

அந்தச் சோடா முறை பொய்யில்லை. வெள்ளியின் மேலிருக்கும் கறுப்பு, காற்றில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு பட்டு உண்டான வெள்ளி சல்பைடு. சோடா நீரில் அலுமினியத்தைத் தொட வைத்தால் கந்தகம் வெள்ளியை விட்டுப் பிரியும். அழுகிய முட்டை வாடை வருவது அதனால்தான். கல்லில்லாத, கறுப்பு வேலை செய்யாத சாதாரணச் செயினுக்கு மட்டும் செய்யுங்கள். மற்றவற்றுக்கு வெள்ளி துடைக்கும் துணி போதும். மேட்டை மட்டும் துடைத்து, பள்ளத்தை அப்படியே விட்டுவிடுங்கள். ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தைப் பூச்சாகப் போட்ட பளபள நகை எளிதில் கறுக்காது. அதைத் தேய்க்கவே வேண்டாம், தேய்த்தால் போவது பூச்சுதான். தங்க முலாம் கம்மலும் அப்படியே. வெள்ளி மேல் தங்கம் ஏற்றியதை வெர்மெய் என்று சொல்லி விற்க அமெரிக்காவில் குறைந்தது 2.5 மைக்ரான் தங்கம் இருக்க வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எத்தனை தேய்ப்பு தாங்கும் என்று நீங்களே பாருங்கள்.

டர்காய்ஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அது பஞ்சுபோல உறிஞ்சும் கல். தேங்காயெண்ணெய், சென்ட், சோப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு, நீலம் மெல்ல பச்சைக்குத் திரும்பும். இன்று விற்பதில் பெரும்பகுதி பிசின் ஏற்றி இறுக்கிய கல். அது ஏமாற்று இல்லை, அந்தக் கல்லை நகையில் வைக்கத் தேவையான பக்குவம். ஆனாலும் வெள்ளியை முக்கி எடுக்கும் டிப் திரவம், ஒலியதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசானிக் கருவி, கொதிநீர் மூன்றும் அதற்கு ஆகாது. ஈரத்துணியால் ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த துணியால் இன்னொன்று, அவ்வளவுதான்.

பெட்டியில் கறுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, பாத்ரூம் அலமாரியின் ஈரம் எல்லாம் வெள்ளிக்கு எதிரி. ஒவ்வொரு நகையையும் தனி ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். இதைவிட நல்ல வழி, எடுத்துப் போட்டுக்கொள்வது. தோலிலும் துணியிலும் உரசிக்கொண்டே இருக்கும் வெள்ளி சுலபத்தில் கறுக்காது. நாற்பது நகையில் நீங்கள் மாதம் ஒருமுறையாவது அணிவது எத்தனை? எண்ணிப் பாருங்கள்.

இனி ஜெர்மன் சில்வர் சந்தேகம். கறுத்ததை வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம், நல்ல வெள்ளியும் இப்படிக் கறுக்கும். ஸ்டெர்லிங் என்பது நம் கடைகளில் 92.5 என்று சொல்வதுதான்: ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. அமெரிக்க நகையில் இந்திய ஹால்மார்க்கைத் தேடுவதில் அர்த்தமில்லை, நம் ஊரிலேயே வெள்ளிக்கு அது கட்டாயம் இல்லை. அமெரிக்கச் சட்டம் வேறு மாதிரி. முத்திரை போட்டே ஆக வேண்டும் என்று அங்கே இல்லை. ஆனால் 925 என்று தரம் குத்தினால் பக்கத்தில் தயாரிப்பாளரின் அடையாளக் குறியும் இருக்க வேண்டும். 1906 சட்டத்தில் 1961இல் சேர்த்த விதி அது. பத்து மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் கொக்கியின் உட்பக்கம், மோதிரத்தின் உள்வளையம், பதக்கத்தின் பின்புறம் பாருங்கள். 925க்குப் பக்கத்தில் எழுத்தோ சின்னமோ இருந்தால் அதைக் குறித்து வையுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? கல்லில்லாத, உள்ளே பொள்ளலில்லாத நகை ஒன்றை எடுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் எடை பாருங்கள், 31 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து தராசில் ஒரு டம்ளர் நீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். நகையை நூலில் கட்டி, நீரில் முழுக்க மூழ்கும்படி, அடியும் பக்கமும் தொடாமல் பிடியுங்கள். ஸ்டெர்லிங் என்றால் தராசு ஏறத்தாழ 3.0 காட்டும். ஜெர்மன் சில்வர் என்றால் மூன்றரைக்கு மேல் போகும். காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

விற்றால் என்ன கிடைக்கும் என்பதில் உங்களை வீணாக நம்ப வைக்க மனமில்லை. உருக்குபவரிடம் போனால் எடைக்குத்தான் காசு. 30 கிராம் காப்பில் சுத்த வெள்ளி 27.75 கிராம். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம் என்பதால் அது 0.89 அவுன்ஸ். அன்றைய அவுன்ஸ் விலையை 0.89ஆல் பெருக்கி, அதிலிருந்து வாங்குபவர் எடுக்கும் கழிவையும் கழித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் கணக்கில் சொன்னால், டிசைனர் நகைக்கு நீங்கள் கொடுத்ததில் பெரும்பகுதி செய்கூலி. செய்கூலி திரும்பி வராது என்பது நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயருள்ள வடிவமைப்பாளரின் நகையை அப்படியே அணிய விரும்பி வாங்குபவர்கள் தனியாக இருக்கிறார்கள். நியூமெக்சிகோவின் அல்புகர்க்கியைச் சேர்ந்த கேரலின் போலாக் நகைகளும், ஜூடித் ரிப்கா நகைகளும் கியூவிசி வழியாகவே பல வீடுகளுக்குப் போனவை. பழைய நகை தேடுபவர்கள் சானலின் பொருள் எண்ணை வைத்தே தேடுகிறார்கள். கியூவிசி நகை எண்கள் ஜே எழுத்தில் தொடங்கும். ஒரு நோட்டில் அந்த எண், வாங்கிய தேதி, விலை, எடை, கல்லின் பெயர் எல்லாம் எழுதி, வந்த அட்டையையும் பில்லையும் அதே ஜிப் பையில் போடுங்கள். அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் டர்காய்ஸ் எடுப்பது 2012இல் நின்றுவிட்டது. அந்தப் பெயர் அச்சிட்ட பழைய அட்டை இருந்தால் பத்திரம்.

அடுத்த முறை டிவி பார்க்கும்போது திரையின் ஓரத்தில் குறைந்துகொண்டே போகும் கையிருப்பு எண்ணிக்கையை விட்டுவிட்டு, சொல்லும் வார்த்தையைக் கேளுங்கள். பிளாக் (block) டர்காய்ஸ் என்றால் கறுப்புக் கல் என்று பொருளில்லை, இயற்கையில் அப்படியே கிடைத்த கல்லும் இல்லை. டயமோனிக் என்பது வைரம்போல் மின்னும் செயற்கைக் கல்லான க்யூபிக் சிர்கோனியாவை கியூவிசி விற்கும் பெயர். 'தென்மேற்கு பாணி' வேறு, 'பூர்வகுடி அமெரிக்கர் செய்தது' வேறு. இரண்டாவதைப் பொய்யாகச் சொல்லி விற்பது 1990 சட்டப்படி அங்கே குற்றம். சின்னத் தவணையாகப் பிரித்துச் சொல்லும்போது முழுத் தொகையை நீங்களே கூட்டிப் பாருங்கள். நகை வந்ததும் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் இரண்டு நாள் வீட்டில் போட்டுப் பாருங்கள். கை தேடாத நகையைத் தயங்காமல் அனுப்பிவிடுங்கள்.

புடவைக்குப் போடலாமா என்றால், தாராளமாக. கறுப்பு வேலை வெள்ளிக்கு கைத்தறிப் பருத்தியைப் போல ஒத்துப்போகும் துணி இல்லை. அரக்குச் சிவப்பு செட்டிநாட்டுப் புடவையில் டர்காய்ஸ் பதக்கம் ஒன்றே போதும், காதுக்குச் சின்ன வெள்ளிக் குண்டு. கனத்த ஜரிகைப் பட்டில் மட்டும் தங்கமும் இந்த வெள்ளியும் சண்டை போடும், அதைத் தவிர்த்துவிடலாம். தலைக்கு எண்ணெய், பவுடர், சென்ட் எல்லாம் முடிந்தபிறகு நகை கடைசியாக ஏறட்டும்.

வாய் திறந்த காப்பைப் போடும்போது விரித்து நுழைக்காதீர்கள். மணிக்கட்டின் பக்கவாட்டில், எலும்புக்கு மேலே ஒடுங்கிய இடத்தில் ஒரு முனையை வைத்து உருட்டித் திருப்பினால் தானே ஏறிக்கொள்ளும். தினமும் விரித்து மடக்கினால் வெள்ளி களைத்து நடுவில் கீறல் விடும், கல்லும் தளரும். ஊருக்கு வரும்போது டர்காய்ஸ் மோதிரத்தை ஆசாரியிடம் பெரிதாக்கக் கொடுத்தால், கல்லைக் கழற்றாமல் ஊதுகுழல் நெருப்பைக் காட்டக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். லேசரில் பற்றவைக்கும் பட்டறை கிடைத்தால் அங்கேயே கொடுங்கள்.