சுருட்டுக்கு முந்தின இரவு

(35 வருடம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிவிட்டுத்தான் அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுத்தார்களாமே, நிஜமா? எடுத்தவர் அகதியாக வந்தவராம். அவருக்கு எப்படி அவ்வளவு துணிச்சல்? (வாசகர், சிவகாசி)

பதில்: நிஜம்தான். 1941 டிசம்பர் 30, ஒட்டாவா, கனடா நாடாளுமன்றத்தில் சபாநாயகர் அறை. "மன்னியுங்கள் ஐயா" என்று சொல்லிச் சுருட்டை எடுத்தார் யூசுப் கார்ஷ். சர்ச்சில் முறைத்தார். அந்த நொடியில் படம் பதிவானது.

எல்லோரும் சுருட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தின இரவு. அன்றைக்கே கார்ஷ் அந்த அறைக்குப் போய் விளக்குகளைப் பொருத்திவைத்துவிட்டார். முறைப்பு ஒரு நொடிதான். அது விழ வேண்டிய வெளிச்சம் காத்துக்கொண்டிருந்தது. அந்த விளக்கு வித்தையை அவர் படித்தது ஒட்டாவாவின் நாடக மேடையில். அதற்கு முன் பாஸ்டனில் குரு ஜான் கரோவிடம் பழகியதெல்லாம் இயற்கை வெளிச்சம்.

துணிச்சல் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள். கார்ஷ் ஆர்மீனியர், அந்தப் பேரரசில் படுகொலைக்கு ஆளான இனம். 1908-ல் ஒட்டோமான் பேரரசின் மார்தின் ஊரில் பிறந்தவர். 1922-ல் குடும்பத்தோடு சிரியாவின் அலெப்போவுக்குத் தப்பினார். ரயிலில் இரண்டு நாள் வழி. இவர்களுக்கு ரயில் கிடையாது. குர்து வணிகக் கூட்டத்தோடு ஒரு மாதம் போனார்கள். வழியில் குவிந்து கிடந்த மண்டையோடுகளைப் பையன் வரைந்து மாட்டிக்கொண்டான். அந்த ஒரு படத்துக்காக, அவனை மீட்க அப்பாவின் கடைசி வெள்ளிக் காசு போனது. படத்துக்கு இருக்கும் பலம் அவருக்கு அப்போதே தெரிந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு கனடாவில், ஷெர்புரூக்கில் ஸ்டூடியோ வைத்திருந்த மாமா ஜார்ஜ் நகாஷ் வீட்டில் அடைக்கலம். டாக்டராக ஆசைப்பட்ட பையன் மாமாவிடம் உதவியாளனானான். அவன் எடுத்த ஒரு படத்தை நண்பன் சொல்லாமலே போட்டிக்கு அனுப்ப, 50 டாலர் முதல் பரிசு. 10 டாலர் நண்பனுக்கு. மிச்சம் அலெப்போவில் இருந்த அப்பா அம்மாவுக்கு. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. என் முதல் மாதச் சம்பளமும் ஊருக்கு மணியார்டராகப் போனதுதான்.

கேள்வி: அவர் எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த படம்? (வாசகி, தேனி)

பதில்: முகமே தெரியாத படம். செல்லோ (பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) மேதை பாப்லோ கசால்ஸ், 1954, பிரான்ஸில் பிராதே ஊருக்குப் பக்கத்து மடாலயம். சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்ட தன் நாடான ஸ்பெயினுக்குத் திரும்ப மாட்டேன் என்று அந்த ஊரில் தங்கிவிட்டவர். அவர் இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசிக்க, கார்ஷ் கேட்டுக்கொண்டே எடுக்க மறந்து நின்றாராம். கடைசியில் பின்னாலிருந்து எடுத்தார்: வெறும் கல்சுவர், உச்சியில் சின்ன ஜன்னல், வாசிப்பவரின் முதுகு.

பாஸ்டன் அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தின் முன் ஒரு முதியவர் தினமும் வந்து வெகுநேரம் நிற்பாராம். ஏன் என்று கேட்ட அலுவலரை, "சும்மா இரு தம்பி, நான் இசை கேட்டுக்கொண்டிருப்பது தெரியவில்லையா?" என்று அடக்கினாராம். கார்ஷ் சொன்ன கதை இது.