1951 செவி 3100 பிக்கப் ஹாட் ராடுக்கு எந்தப் பின் ஆக்சில் பொருத்தமாக இருக்கும்?

கேள்வி இதுதான்: 1951 செவ்ரலே 3100 அரை டன் பிக்கப்பில் 350 கன இன்ச் ஸ்மால் பிளாக் இன்ஜின், 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், முன்னால் மஸ்டாங் II பாணி சஸ்பென்ஷன். பழைய பின் ஆக்சிலை எடுத்துவிட்டு எதைப் போடுவது? ஃபோர்டு 9 இன்ச்தான் வேண்டுமா?

வேண்டாம். 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 இன்ச் ஆக்சில் போதும் (8.8, 9 என்பவை உள்ளே இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தின் விட்டம்). செவி வண்டியில் ஃபோர்டு சாமானா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் சிபாரிசு செய்யும் 9 இன்ச்சும் ஃபோர்டுதான்! ஆனால் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுக்குக் கிளம்பும் முன் இன்ச் டேப்பை எடுங்கள். ஆக்சில் மாற்றிய வண்டிகளில் முதலில் வரும் தலைவலி பெரும்பாலும் பலத்தால் வருவதில்லை. அகலத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டு, டயர் ஃபெண்டரில் உரசுவதால்தான் வருகிறது.

பழையதை வைத்துக்கொண்டே ஓட்டலாமா என்றால், முடியாது. 1954 வரை இந்த அரை டன் வண்டிகளில் டார்க் ட்யூப். புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடிக் கிடக்கும், முன்முனை கியர்பாக்ஸின் வாலில் ஒரு பந்து மூட்டில் உட்காரும். 700ஆர்4-இன் வாலில் அதற்கு இடமே இல்லை. போதாக்குறைக்கு உள்ளே இருப்பது 4.11 பல் விகிதம். அந்தக் காலப் பண்ணைச் சாலைக்குச் சரி, இன்றைய நெடுஞ்சாலைக்குச் சரிப்படாது. 1955-இன் தொடக்கத்தில், பழைய பாடியின் கடைசி வரிசையில்தான் திறந்த ஷாஃப்ட் வந்தது.

இப்போது அளவு. ஆக்சிலின் அகலம் என்றால், ஒரு பக்கம் வீல் வந்து அமரும் முகத்திலிருந்து மறு பக்கத்து முகம் வரை. டிரம்மோ டிஸ்கோ மாட்டிய பிறகு அதன் வெளிமுகத்தில் டேப் வையுங்கள். ஹவுசிங் முனையிலிருந்து முனை வரை அளந்து அதை அகலம் என்று சொல்லும் விற்பனையாளரும் உண்டு, கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் அளக்க வேண்டியது இரு ஃபெண்டர்களின் உள் உதடுகளுக்கு இடையே உள்ள தூரம். பேச்சுக்கு அது 72 இன்ச் என்று வைப்போம். பக்கத்துக்கு 1 இன்ச் இடைவெளி விட்டால் டயரின் வெளிச்சுவர்களுக்கு இடையே 70. 255/60ஆர்15 டயரின் அகலம் சுமார் 10 இன்ச், அதாவது டயர் மையத்திலிருந்து மையத்துக்கு 60. இனி ரிம். 8 இன்ச் அகல ரிம்மின் உதடுகளையும் சேர்த்தால் சுமார் 9 இன்ச் வரும், நடு 4.5-இல். பேக்ஸ்பேசிங் (ரிம்மின் உள் உதட்டிலிருந்து வீல் முகம் வரை உள்ள தூரம்) 4.5 என்றால் வீல் முகமும் டயர் மையமும் ஒரே கோட்டில் இருக்கும், 60 இன்ச் ஆக்சில் வேண்டும். பேக்ஸ்பேசிங் 4 என்றால் டயர் பக்கத்துக்கு அரை இன்ச் வெளியே தள்ளும், அப்போது 59. இதே கணக்கை உள்பக்கமும் போடுங்கள்: டயரின் உள்சுவருக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே குறைந்தது 1 இன்ச் இருக்க வேண்டும். வீலை முதலில் வாங்கிவிட்டு அதற்கு ஆக்சில் தேடுவதும், ஆக்சிலை மாட்டிவிட்டு வீல் தேடுவதும் இரண்டுமே செலவு. காகிதத்தில் இரண்டையும் சேர்த்துத் தீர்மானியுங்கள்.

எக்ஸ்ப்ளோரர் 8.8-இன் அகலம் 59.5 இன்ச். இந்த பாடிக்கு இவ்வளவு பொருத்தமாக யார்டில் சுலபமாகக் கிடைப்பது வேறு இல்லை. ஆக்சில் ஷாஃப்டில் 31 ஸ்பிளைன் (பிடிப்புப் பற்கள்), பின்னால் டிஸ்க் பிரேக், அந்த டிஸ்கின் தொப்பிக்குள்ளேயே ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு சின்ன டிரம். ஐந்து போல்ட், 4.5 இன்ச் வட்டம். உங்கள் மஸ்டாங் II பாணி முன் ஹப்பும் அதே வட்டம் என்றால் நான்கு வீலும் ஒரே மாதிரி வாங்கலாம். பழைய 3100-இன் ஆறு போல்ட் 5.5 இன்ச் வட்டத்தை முன்னால் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஒன்று கவனம்: ஃபோர்டு ஹப்பின் நடு முகப்பு 70.6 மில்லிமீட்டர். பழைய பாணி வீல்கள் சிலவற்றின் நடு ஓட்டை அதைவிடச் சின்னது, வீல் முகத்தில் ஒட்டி உட்காராது. அப்படி உட்காராத வீலை நட்டைப் போட்டு இழுத்து உட்கார வைக்கப் பார்க்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு 9 இன்ச் அருமையான ஆக்சில். கிரவுன் பல்சக்கரமும் அதைச் சுழற்றும் சின்ன பினியனும் முன்பக்கமாக ஒரே கூடாகக் கழன்று வரும், பல் விகிதம் மாற்றுவது சுலபம். ஆனால் பினியன் கிரவுன் மையத்துக்கு 2 இன்ச்சுக்கும் மேல் கீழே இருப்பதால் பற்கள் அதிகம் வழுக்கித் தேய்ந்து கொஞ்சம் சக்தியைத் தின்னும். சரியான அகலத்தில் பழையது கிடைப்பதும் அரிதாகிவிட்டது, புதிதாகச் செய்து வாங்கினால் விலை எகிறும். ஒட்டும் டயரோடு டிராக் ஸ்ட்ரிப்பில் ஓட்டப் போகிறவர்களுக்கு அது. 1970-களின் மேவரிக்கில் வந்த ஃபோர்டு 8 இன்ச் 56.5 இன்ச் அகலம்தான், சாந்தமான இன்ஜினுக்குப் போதும். செவியிலேயே நிற்க வேண்டும் என்றால் 1970-களின் கமாரோவில் வந்த 8.5 இன்ச் பத்து போல்ட் ஆக்சிலைப் பாருங்கள், வார்ப்பின் அடியில் இரண்டு சதுர மேடுகள் இருக்கும். அடி வழவழப்பாக இருந்தால் அது பலம் குறைந்த 8.2. 4x4 எஸ்-10 ஆக்சில் அகலத்தில் அழகாக உட்காரும், ஆனால் அதன் 7.5 இன்ச் கிரவுனை 350-இன் திருகு விசை சீக்கிரம் தின்றுவிடும்.

யார்டில் எக்ஸ்ப்ளோரரைக் கண்டால் முதலில் ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆக்சில் கட்டத்தில் 'டி4' என்றிருந்தால் 3.73 விகிதம், லிமிடெட் ஸ்லிப் (ஒரு வீல் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்). 'டி'-இல் தொடங்காத குறி பொதுவாகச் சாதாரண டிஃபரன்ஷியல். டிஃபரன்ஷியல் மூடியின் போல்டில் தொங்கும் தகட்டில் 3-க்கும் 73-க்கும் நடுவே 'எல்' இருந்தாலும் அதே பொருள். வண்டியை யாராவது மாற்றிக் குழப்பியிருக்கலாம், அதனால் இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

மூடியைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் பசை ஒட்டியிருந்தால் இயல்பு, செதில் செதிலாக வந்தால் விட்டுவிடுங்கள். பினியனை இறுக்கிப் பிடித்துக் கிரவுனை ஆட்டினால் லேசாக 'டிக்' என்று கேட்க வேண்டும். டயல் இண்டிகேட்டர் கையில் இருந்தால் 0.008 முதல் 0.015 இன்ச் வரை ஆட்டம் சரி. பிறகு ஒரு ஷாஃப்டையாவது உருவிப் பாருங்கள். கிராஸ் பின்னைப் பிடித்திருக்கும் சின்னப் போல்டை நிதானமாகக் கழற்றுங்கள், அவசரப்பட்டால் தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடும். பின்னை எடுத்ததும் ஷாஃப்டை உள்ளே தள்ளினால் அதைப் பிடித்திருக்கும் சி-கிளிப் கையில் விழும். ஷாஃப்டின் வெளிமுனையில் பேரிங் உருளும் பட்டையை நகத்தால் தடவிப் பாருங்கள். இந்த வகையில் பேரிங்குக்குத் தனி உள்வளையம் கிடையாது, ஷாஃப்டின் தோலே வளையம். நகம் சிக்கும் பள்ளம் இருந்தால் புது பேரிங், புது சீல் போட்டாலும் மறுபடி ஆயில் கசியும். ஷாஃப்டையே மாற்ற வேண்டும்.

இந்த ஆக்சிலில் பினியன் நடுவில் இல்லை, பயணி பக்கம் சுமார் 2 இன்ச் ஒதுங்கியிருக்கும். நீளமான பக்கத்துக் குழாயைச் சுமார் 3 இன்ச் வெட்டி, மறுபக்கத்துக் குட்டை ஷாஃப்ட் இன்னொன்றைப் போட்டு நடுவுக்குக் கொண்டுவருவது பிரபலமான வேலை. அகலம் 56.5-க்கு இறங்கிவிடும். 3100-க்கு அது தேவையே இல்லை. புரொப்பெல்லர் ஷாஃப்ட் 55 இன்ச் நீளம் என்றால் 2 இன்ச் ஒதுக்கம் சுமார் 2 டிகிரி சாய்வுதான். மேல்-கீழ் சாய்வு 2 டிகிரி இருந்தால் இரண்டும் சேர்ந்து 3-க்குள் அடங்கிவிடும். ஷாஃப்ட் முனையில் உள்ள கிராஸ் மூட்டு அதைத் தாங்கும்.

எக்ஸ்ப்ளோரரின் பழைய ஸ்பிரிங் சீட்டுகளைக் கிரைண்டரால் அறுத்தெடுங்கள். குழாயைக் கிழிப்பதைவிடப் பழைய வெல்டிங் கொஞ்சம் மீந்திருப்பது மேல். குழாயின் வெளிவிட்டம் 3.25 இன்ச், அதற்கேற்ற சீட்டும் யு-போல்டும் புதிதாக வாங்குங்கள். இங்கேதான் பலர் சறுக்குவது: வண்டியை ஜாக் மேல் தூக்கி வைத்துக்கொண்டே சீட்டை வெல்டு செய்துவிடுவார்கள். படுக்கை, டேங்க், இன்ஜின் எல்லாம் ஏற்றி, ஸ்பிரிங் மேல் முழு எடையும் உட்கார்ந்த நிலையில்தான் பினியன் கோணத்தைப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் வால் 3 டிகிரி கீழே சாய்ந்திருந்தால் பினியன் மூக்கு மேல்நோக்கி 3 டிகிரி இருந்தால்தான் இரண்டும் இணை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது லீஃப் முறுக்கிக்கொண்டு மூக்கை இன்னும் மேலே தூக்கும், அதனால் 1 அல்லது 2 டிகிரி குறைத்தே வையுங்கள்.

இரு பக்கமும் முன் ஸ்பிரிங் போல்டிலிருந்து ஆக்சில் வரை அளந்து, வித்தியாசம் கால் இன்ச்சில் பாதிக்குள் வந்ததும் டாக் (தற்காலிகப் பொட்டு வெல்டு) மட்டும் அடியுங்கள். வீலை மாட்டி, ஃபெண்டர் வளைவின் நடுவில் நிற்கிறதா என்று தள்ளி நின்று ஒரு தடவை பாருங்கள். அதன் பிறகு ஆக்சிலைக் கீழே இறக்கி முழு வெல்டு. ஒரு இன்ச் போட்டுவிட்டு மறுபக்கம், ஆற விட்டு இன்னொரு இன்ச். ஒரே மூச்சில் ஓட்டினால் குழாய் வெல்டு பக்கமாக வளைந்து, பேரிங்கும் சீலும் வரிசையாக ஆயுளை இழக்கும். நடு வார்ப்பில் குழாய்கள் அழுத்திச் செருகி ஓட்டை வெல்டால் பிடிக்கப்பட்டவைதான். வன்மையாகக் கிளப்பினால் குழாய் வார்ப்புக்குள் சுழன்றுவிடும். அதைச் சுற்றிலும் வெல்டு செய்ய நினைத்தால் வார்ப்பிரும்புக்கு முன்சூடும் நிக்கல் ராடும் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பினியன் முனையில் நான்கு போல்ட் கொண்ட வட்ட ஃபிளாஞ்ச் இருக்கும். அதைக் கழற்றாமல், அதற்குப் பொருந்தும் ஃபிளாஞ்சும் 1330 கிராஸும் வைத்தே ஷாஃப்ட் கட்டச் சொல்லுங்கள். பினியன் நட்டைக் கழற்றினால் உள்ளே நசுங்கி நிற்கும் கிரஷ் ஸ்லீவின் கணக்கு கலைந்துவிடும். திரும்ப ஏர் கன்னால் இறுக்கிவிட்டு 'ஊய்' என்று கத்தும் ஆக்சிலோடு திரிபவர்கள் நிறைய. கியர்பாக்ஸ் பக்கம் 27 ஸ்பிளைன் ஸ்லிப் யோக், எடையோடு நிற்கும்போது அது முழுதாக உள்ளே போகாமல் முக்கால் முதல் 1 இன்ச் வெளியே இருக்கட்டும். ஆக்சில் மேலே உள்ள ஏபிஎஸ் சென்சார் ஓட்டையை அடைக்க மறக்காதீர்கள், காற்றுத்துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் சூட்டில் அழுத்தம் ஏறிச் சீல் வழியே ஆயில் வரும். லிமிடெட் ஸ்லிப் என்றால் ஆயிலோடு 4 அவுன்ஸ் ஃபிரிக்ஷன் மாடிஃபையர், இல்லையேல் வளைவில் கடகடக்கும்.

பிரேக்: 3100-இன் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், ஒற்றைச் சுற்று. அதை இரட்டைச் சுற்றாக மாற்றுங்கள். காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் திரவம் திரும்ப வழிந்துவிடும், முன்னும் பின்னும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் 2 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு வேண்டும். பின்னால் டிரம் போட்டிருந்தால்தான் 10 பிஎஸ்ஐ. வெற்றுப் படுக்கையோடு போகும் பிக்கப்பின் பின்பக்கம் லேசு, சடன் பிரேக்கில் பின் வீல் முதலில் பூட்டி வால் வீசும். பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்க, திருகிச் சரிசெய்யும் ப்ரொபோர்ஷனிங் வால்வு ஒன்று போடுங்கள்.

விகிதம் எது என்பதற்குக் கணக்கு: மைல் வேகத்தை விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயர் உயரத்தால் வகுங்கள். 27 இன்ச் டயர், மணிக்கு 65 மைல், 3.73 என்றால் நேரடிக் கியரில் சுமார் 3,000 ஆர்பிஎம். 700ஆர்4-இன் 0.70 ஓவர்டிரைவில் அதுவே சுமார் 2,100. அதனால் உங்களுக்கு 3.73 அல்லது 3.55. ஓவர்டிரைவ் இல்லாத டிஎச்350 போட்டவர்கள் 3.08 பக்கம் போனால் அதே வேகத்தில் சுமார் 2,500-இல் நிற்கும்.

விகிதமும் டயரும் முடிவானதும் கியர்பாக்ஸில் ஸ்பீடோமீட்டர் பல்லையும் அதற்கேற்ப மாற்றுங்கள். முதல் 100 மைல் ஓடியதும் யு-போல்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். புது சீட்டும் லீஃபும் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.