மூட்டை தூக்க எக்ஸோஸ்கெலிட்டன்: வாங்கலாமா?

கேள்வி: புதுச்சேரி சேதராப்பட்டில் தீவனக் கிடங்கு வைத்திருக்கிறேன். 25 கிலோ மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கி அடுக்க ஆறு பேர். எல்லோருக்கும் இடுப்பு வலி. எக்ஸோஸ்கெலிட்டனை, அதாவது உடம்பின் மேல் அணியும் ஸ்பிரிங் வைத்த சட்டத்தை, மாட்டினால் 50 கிலோகூட சுலபமாகத் தூக்கலாம் என்கிறார் விற்பனையாளர். ஆறு செட் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒன்றுகூட வாங்காதீர்கள். இரண்டை மட்டும் சில வாரம் டெமோவுக்குக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் விற்பனையாளரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

50 கிலோ என்பது வெறும் விற்பனைப் பேச்சு. குனியும்போது ஸ்பிரிங் இழுபடும், நிமிரும்போது அந்த விசை திரும்பக் கிடைக்கும். முதுகுத் தசைக்கு வேலை குறையும், உண்மைதான். ஆனால் கைக்கும் முழங்காலுக்கும் மூட்டை அதே கனம்தான். முதுகில் குறைந்த விசை மார்புப் பட்டையிலும் தொடைப் பட்டையிலும் போய் அழுத்தும்.

உங்கள் ஆட்கள் மூட்டையைத் தோளிலோ பிடரியிலோ ஏற்றி நடப்பவர்களா? விற்பனையாளர் இதைக் கேட்டிருக்க மாட்டார். மூட்டை உட்காரும் இடத்தில்தான் தோள் வாரும் முதுகுச் சட்டமும் இருக்கும். நடக்கும்போது தொடைப் பட்டை வேறு காலைப் பிடித்து இழுக்கும். நின்ற இடத்திலேயே குனிந்து எடுத்து வைப்பவருக்குத்தான் இந்தக் கருவி பொருந்தும். லாரிக்கும் மூட்டை அடுக்குக்கும் இடையே நடப்பவருக்கு இடைஞ்சல்.

டெமோவை மதிய வெயிலில், உங்கள் கிடங்கிலேயே வையுங்கள். கருவியின் கீல், தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்துக்கு நேராக நிற்க வேண்டும். விலகியிருந்தால் குனியக் குனிய பெல்ட் மேலேறி விலாவை உரசும். குட்டையானவர், நெட்டையானவர் இருவரும் போட்டுப் பார்க்கட்டும். கழற்றியதும் தொடையிலும் மார்பிலும் சிவந்த தடம் விழுந்திருக்கிறதா பாருங்கள். வியர்வையில் ஊறும் மெத்தைகளைத் துவைக்க முடியுமா, ஆளுக்கொரு ஜோடி தனியாகக் கிடைக்குமா, ஸ்பிரிங் போனால் உதிரி எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கன்வேயர் பக்கத்தில் தொங்கும் வாரோடு யாரையும் விடாதீர்கள். குடலிறக்கம், முதுகு அறுவை சிகிச்சை உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

ஒரு கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் தூக்கும் வரம்பு 23 கிலோ. அதுவும் சுமை சுமார் 75 செ.மீ. உயரத்தில், உடம்பை ஒட்டி, இடுப்பைத் திருப்பாமல் எடுக்கும்போதுதான். தரையிலிருந்து எடுத்தால் வரம்பு இன்னும் இறங்கும். உங்கள் மூட்டையோ 25 கிலோ. ஆகவே பணத்தை முதலில் மூட்டையை உயர்த்தித் தரும் ஹைட்ராலிக் லிஃப்ட் டேபிளிலும், மூட்டை அடுக்கிய பலகையைத் தள்ளிச் செல்லும் கை பேலட் டிரக்கிலும் போடுங்கள். மூட்டை இடுப்பு உயரத்துக்கு வந்த பிறகும் யாராவது குனிந்தே நிற்க வேண்டியிருந்தால், அவருக்கு மட்டும் ஒரு செட் வாங்கலாம்.