எல்லா டெஸ்ட்டும் நார்மல், படபடப்பு மட்டும் போகவில்லை

கேள்வி இதுதான்: "ஆறு மாதமாகத் திடீர் திடீரென்று படபடப்பு வருகிறது, மூச்சு முட்டுகிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். பதற்ற நோயாக இருக்கும், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்கிறார்கள். மாத்திரை ஆரம்பித்தால் காலம் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? மனசைத் தைரியமாக வைத்துக்கொண்டால் போதாதா?"

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறவன். ஆனால் நீங்கள் சொல்லும் அதே படபடப்போடு மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில். காலம் முழுக்க மாத்திரை என்பது பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. தைரியம் போதாது. எனக்கு இந்த 'தைரியமா இரு' என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எனக்கு முதலில் வந்தது 2018 ஐப்பசியில், திருச்சி போகிற பஸ்ஸில். வயது 34. மழைக்காக எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. மேலூர் தாண்டியதும் நெஞ்சில் ஒரு துள்ளல். அவ்வளவுதான் ஆரம்பம். என்னடா இது என்று கவனித்தேன், கவனிக்கக் கவனிக்க வேகம் ஏறியது. விரல் நுனிகள் மரத்துப்போயின. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி. எதிர் சீட்டின் கம்பி ஏதோ தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. இன்னும் சில நிமிடங்களில் செத்துவிடுவேன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. வீட்டுச் சாவி என் பையில் இருக்கிறதே, மனைவி எப்படிக் கதவைத் திறப்பாள் என்றுகூட யோசித்தேன். கண்டக்டர் வாந்தி என்று நினைத்துப் பாலிதீன் பையைக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த அம்மா, "வாயுவா இருக்கும் தம்பி, ஓமத் தண்ணி குடிச்சா ஏப்பம் வந்து சரியாயிடும்" என்றார்.

கொட்டாம்பட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். தாளில் 'சைனஸ் டாக்கிகார்டியா' என்று அச்சாகியிருந்தது. இதயம் வேகமாக, ஆனால் ஒழுங்காகத் துடிக்கிறது என்று அதற்குப் பொருள். "கேஸ்தான்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த பதினோரு மாதத்தில் எட்டு ஈசிஜி, இரண்டு எக்கோ, ஒரு டிரெட்மில் டெஸ்ட், தைராய்டு, ரத்தம், சர்க்கரை. எல்லாவற்றையும் துணிக்கடையில் கொடுத்த ஒரு கட்டைப்பையில் போட்டு வைத்திருந்தேன். எங்கே போனாலும் அந்தப் பை கூடவே வரும். அந்த டிரெட்மில் டெஸ்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் என் துடிப்பை 160 வரை ஏற்றினார்கள். பஸ்ஸில் என்னைக் கொன்றுவிடும் என்று நான் நம்பிய அதே வேகம். வேர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது, ஆனால் துளி பயம் இல்லை. பக்கத்தில் டாக்டர் நின்றிருந்தார், ஓடினால் இதயம் வேகமாகத்தான் அடிக்கும் என்றும் எனக்குத் தெரியும். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆகிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்கு இதெல்லாம் தேவை. நாம் ஓடவில்லை, பஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். தேவைக்கு மேல் மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்துவிடுகிறது. விரல் மரப்பது, உதட்டில் ஊறல், தலை கிறுகிறுப்பு எல்லாம் பெரும்பாலும் அதனால் வருபவை. மூச்சு போதவில்லை என்று நமக்குத் தோன்றுகிற நேரத்தில் உண்மையில் அதிகமாக விட்டுக்கொண்டிருப்போம். இந்த அலை பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டு இறங்கத் தொடங்கும். இதைத்தான் பேனிக் அட்டாக் என்கிறார்கள்.

ஒரு தடவை வந்து போனால் அது நோய் இல்லை. வாழ்க்கையில் ஒருமுறையாவது இது வந்தவர்கள் நிறையப் பேர். திரும்பத் திரும்ப வந்து, 'அடுத்தது எப்போது வருமோ' என்ற பயம் ஒரு மாதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டு, அதற்காகப் போகிற இடம் வருகிற இடத்தை எல்லாம் மாற்றிக்கொள்ள ஆரம்பித்தால்தான் அது பீதி நோய், அதாவது பேனிக் டிஸ்ஆர்டர். பதற்ற நோய்களில் இது ஒரு வகை. டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்: உடம்பில் சாதாரணமாக வரும் ஒரு உணர்வை, பெரிய கேடு வரப்போவதாக நாம் தப்பாக வாசிக்கிறோம், அந்தப் பயம் அதே உணர்வை இன்னும் கூட்டுகிறது, கூடியதைப் பார்த்து இன்னும் பயப்படுகிறோம். பஸ்ஸில் எனக்கு நடந்ததை உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும்.

தைரியமாக இரு என்றால் எரிச்சல் வருவதற்குக் காரணமும் இதுதான். தைரியமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு நான் செய்ததெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நெஞ்சைக் காவல் காத்ததுதான். படபடப்பு வருகிறதா, வரவில்லையா என்று நொடிக்கு நொடி பார்ப்பவனுக்கு அது வராமல் என்ன செய்யும்?

இந்த நிலையில்தான் தெரிந்த ஒருவர் சொல்லி மெடிக்கல் ஷாப்பில் அல்பிரஸோலம் என்ற, பதற்றத்தைச் சட்டென்று தணிக்கிற மாத்திரையை வாங்கினேன். சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். கொடுத்திருக்கக் கூடாது, அது ஹெச்1 அட்டவணை மருந்து, டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டும், விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். போட்ட அரை மணி நேரத்தில் சொர்க்கம். ஐந்து மாதம் தினமும் போட்டேன். ஒரு நாள் வாங்க மறந்துபோக, மறுநாள் கை உதறலும் தூக்கமின்மையும் சேர்ந்து வந்தன. நோய் முற்றிவிட்டது என்று நினைத்தேன். மருந்துக்கு உடம்பு பழகிவிட்டது என்பது அப்போது தெரியாது. இந்த வகை மாத்திரையைத் தினமும் போட்டு வந்தவர்கள் சட்டென்று நிறுத்தக்கூடாது, சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

கடைசியில் மனைவி கையைப் பிடித்து இழுக்காத குறையாக அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். கட்டைப்பையை மேஜையில் வைத்தேன். அந்த டாக்டரம்மா அதைத் தொடவே இல்லை.

"இதுவரைக்கும் எத்தனை தடவை வந்திருக்கும்?"

"ஒரு நாப்பது இருக்கும் மேடம்."

"அதுல எத்தனை தடவை ஹார்ட் அட்டாக் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உடனே உட்கார்ந்துடுவேன், தண்ணி குடிப்பேன், மாத்திரை போட்டுடுவேன். அதனாலதான் தப்பிச்சேன்."

"அப்படின்னு நீங்க நினைக்கிறீங்க பாருங்க, அதுக்குத்தான் வைத்தியம்" என்றார்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் இதையே யோசித்தேன். நான் பஸ்ஸில் கதவை ஒட்டிய சீட்டில் மட்டும் உட்காருவேன். எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி என்று வழி நெடுக மனப்பாடம். லிஃப்ட் கிடையாது, தியேட்டர் கிடையாது, தனியாகப் பயணம் கிடையாது. கையில் நாடி பார்க்காமல் ஒரு மணி நேரம் போகாது. நாற்பது முறை ஒன்றும் ஆகாமல் பிழைத்திருக்கிறேன், ஆனால் அத்தனை பாராட்டும் கதவோர சீட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. என் உடம்புக்கு ஒரு மார்க்கூடப் போடவில்லை.

சரி, சிகிச்சைக்கு வருவோம். எனக்கு எஸ்சிட்டலோபிராம் கொடுத்தார்கள். எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை, மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து. போதை கிடையாது, போட்டதும் ஒன்றும் தெரியாது. சொல்லப்போனால் முதல் வாரம் குமட்டல், படபடப்பும் கொஞ்சம் கூடியது. இப்படி ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மட்டுமே தூக்கி எறியாமல் இருந்தேன். அதனால்தான் சின்ன அளவில் தொடங்கி ஏற்றுகிறார்கள். நாலாவது வாரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. தாம்பத்தியத்தில் கொஞ்சம் பாதிப்பு இருந்தது, அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு இது புதிதில்லை. நல்லபடியாக ஆன பிறகும் பல மாதங்கள் தொடரச் சொல்வார்கள். நான் மொத்தம் பதினாறு மாதம் சாப்பிட்டேன், கடைசி மூன்று மாதம் குறைத்துக் குறைத்து நிறுத்தினார்கள். சிலருக்கு மறுபடி வரலாம், மறுபடி சாப்பிட வேண்டியும் வரலாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும்போது வராத கூச்சம் இதற்கு மட்டும் ஏன் வருகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மாத்திரை பாதிதான். மீதிப் பாதி சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் சொல்கிறார்கள். பேச்சு என்றதும் அறிவுரை சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். அந்த உளவியலாளர் என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரச் சொன்னார். "ஒரு நிமிஷம் சுத்துங்க, நான் டைம் பாக்குறேன்."

சுற்றினேன். நிறுத்தியதும் சுவர், ஃபேன், காலண்டர் எல்லாம் ஓடின. அதே கிறுகிறுப்பு. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அதில் அல்பிரஸோலம் அட்டை இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். ரெண்டு நிமிடத்தில் சுவர் நின்றுவிட்டது. அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு இளநீர் ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு. அப்புறம் நின்ற இடத்தில் ஓட்டம், மாடிப்படி. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் இரண்டு பத்தி: 'என்ன ஆகும் என்று நினைத்தேன்', 'என்ன ஆனது'. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால் பட்ஜெட்டும் அசலும். ஒரு வரியில்கூட இரண்டும் ஒத்துப்போகவில்லை.

வீட்டுப்பாடமாக ஸ்ட்ராங்காக ஃபில்டர் காபி குடித்துவிட்டு, துடிப்பைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். பயந்து ஒரு வருடமாக நான் காபியையே விட்டிருந்தேன். பஸ்ஸையும் படிப்படியாகத்தான். முதலில் நின்றிருக்கும் பஸ்ஸில் ஏறி இறங்குவது, பிறகு இரண்டு ஸ்டாப், பிறகு மேலூர் வரை மனைவியோடு, பிறகு தனியாக. நடுவில் ஒரு முறை பாதியில் இறங்கி ஓடியும் வந்திருக்கிறேன். மூச்சுப் பயிற்சி பற்றிக் கேட்பீர்கள். மெதுவாக, வெளிமூச்சை நீட்டி விடுவது நல்லதுதான். ஆனால் 'இதைச் செய்யாவிட்டால் செத்துவிடுவேன்' என்று செய்தால் அதுவும் இன்னொரு தண்ணீர் பாட்டில் ஆகிவிடும் என்று அவர் எச்சரித்தார். காகிதப் பைக்குள் மூச்சு விடுகிற வித்தையை வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து.

அப்புறம், முக்கியமாக ஒன்று. முதல் தடவை நெஞ்சு வலிக்கிறவர் இதைப் படித்துவிட்டு 'பேனிக்தான்' என்று வீட்டில் உட்காரக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர், புகை, குடும்பத்தில் இதய நோய் இருந்தால் இன்னும் அவசரம். தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரிப் படபடப்பைத் தரும். இவற்றை ஒரு முறை ஒழுங்காகப் பார்த்து இல்லையென்று ஆன பிறகும் ஒன்பதாவது ஈசிஜிக்கு ஓடுவதுதான் நோயின் வேலை. அட்டாக்கே வராமல் எதற்கெடுத்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் ஓயாத கவலை, நாலு பேர் முன்னால் பேசவோ சாப்பிடவோ நடுக்கம் என்று பதற்ற நோய்க்கு வேறு முகங்களும் உண்டு. அவற்றுக்கும் சிகிச்சை ஏறக்குறைய இந்த இரண்டு வழிதான்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டால் போதும். மனநல உதவிக்கு அரசு நடத்தும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கட்டைப்பையை இரண்டு வருடத்துக்கு முன் போகிக்கு எடுத்தேன். ஈசிஜி தாள்களில் பாதி வெளிறிப்போய்க் கோடே தெரியவில்லை. டிரெட்மில் தாளை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போதும் எப்போதாவது, தூக்கம் கெட்ட நாளில், நெஞ்சு துள்ளும். கீழே கமென்ட்டில் மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி நான் பட்டது போதும்.