திடீரென்று ஆளே மாறிய பையன்: எந்த ஆன்டிபயாட்டிக், எவ்வளவு, எத்தனை நாள்?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "பையனுக்கு எட்டு வயசு, எடை 22 கிலோ. ஒரு மாசத்துக்கு முன்னால தொண்டை வலி, காய்ச்சல். அசித்ரோமைசின் சிரப் மூணு நாள் குடுத்தோம், சரியாப் போச்சு. இப்ப பத்து நாளா குழாயடியை விட்டு வர மாட்டேங்கான். கையைக் கழுவிக்கிட்டே இருக்கான். 'முழுங்கினது உள்ள போயிருச்சாம்மா'ன்னு ராத்திரி முழுக்கக் கேக்குதான். கண்ணை வேற சிமிட்டுதான். ஏ.எஸ்.ஓ. டெஸ்ட் 600 வந்திருக்கு. ஒரு வருஷம் அசித்ரோமைசின் குடுக்கணும்னு ஒருத்தர் சொல்லுதாரு. ஆச்சி மந்திரிச்சுக் கயிறு கட்டச் சொல்லுதா. எதைக் கேக்க?"

ஏ.எஸ்.ஓ. என்பது ஸ்ட்ரெப் கிருமிக்கு (தொண்டை வலி, காய்ச்சல் தரும் ஒரு பாக்டீரியா) எதிராக உடம்பு செய்யும் எதிர்ப்பொருளின் அளவு. தொண்டையில் அந்தக் கிருமி இருப்பது உறுதியானால் அமாக்சிசிலின், முழுதாகப் 10 நாள். ஒரு வருட அசித்ரோமைசின் இப்போது வேண்டாம். கயிறு கட்டுவதால் கெடுதல் இல்லை, அதை நம்பி நாளைக் கடத்தினால்தான் கெடுதல்.

மருந்துக்கு முன்னால் பையனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உங்கள் இரண்டு விரலை அவன் கையில் கொடுத்து விடாமல் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பால் கறப்பதுபோல் பிடி இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகுகிறதா? நாக்கை நீட்டி அப்படியே வைக்கச் சொன்னால் தானாக உள்ளே போய்விடுகிறதா? இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்புகிறதா? போன மாத நோட்டையும் இந்த வார நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எழுத்து கிறுக்கலாகியிருக்கிறதா? கண் சிமிட்டல் போன்ற டிக் ஒரே அசைவாகத் திரும்பத் திரும்ப வரும், கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். இந்த அசைவுகளோ ஒன்றிலிருந்து ஒன்றாக ஓடும், அடங்காது.

அப்படி இருந்தால் அது சிடன்ஹாம் கொரியாவாக இருக்கலாம், அதாவது ஸ்ட்ரெப் தொண்டை நோய்க்குப் பின் இதயத்தையும் மூட்டையும் மூளையையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலின் ஒரு முகம். நம் நாட்டில் ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் போகவில்லை. அதனால்தான் நீண்டநாள் ஆன்டிபயாட்டிக் பற்றி வெளிநாட்டுப் பெற்றோர் எழுதுவதைப் படித்து அப்படியே நடக்கக் கூடாது என்கிறோம். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் எதுவும் கேட்காவிட்டாலும் இதயத்துக்கு எக்கோ எடுத்தே ஆக வேண்டும். தொண்டை நோய் வந்து ஆறு மாதம் கழித்தும் கொரியா வரலாம் என்பதால் ஏ.எஸ்.ஓ. சரியாக இருந்தாலும் அது இல்லை என்று சொல்ல முடியாது. கொரியா உறுதியானால் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி 27 கிலோவுக்குக் கீழே 15 நாளைக்கு ஒரு தடவை, மேலே 21 நாளைக்கு ஒரு தடவை, வருடக்கணக்கில் போட வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்கே நேராகப் போய்விடுங்கள்.

கொரியா இல்லை, ஆனால் இன்ன தேதியில் ஆரம்பித்தது என்று சொல்லும்படி திடீரென்று இந்த எண்ணச் சுழலும் டிக்கும் வந்திருக்கிறது என்றால் பாண்டாஸ் என்று சந்தேகிக்கலாம். 1998-ல் அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோ குழுவினர் 50 குழந்தைகளை விவரித்து வைத்த பெயர் அது. ஸ்ட்ரெப்பை அடிக்க உடம்பு செய்யும் எதிர்ப்பொருள் மூளையின் அடித்தளப் பகுதியையும் தவறாகத் தாக்குகிறது என்பது கருத்து. இதில் மருத்துவர்களுக்குள் இன்னும் சண்டை உண்டு.

600 என்ற எண் மட்டும் போதாது. 200-க்கு மேல் போனாலே லேப் 'கூடுதல்' என்று அச்சடித்துத் தந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற வயதில் அதைத் தாண்டியும் நோயில்லாமல் இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். தொற்று வந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் ஏ.எஸ்.ஓ. உச்சிக்குப் போகும், இறங்க மாதக்கணக்காகும். உங்கள் பையனுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டதால் இப்போதே உச்சியில் இருக்கலாம். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சிக்கு வரும் ஆன்டி-டி.என்.ஏஸ் பி பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். சிரங்கு வழியாக வந்த ஸ்ட்ரெப்பையும் அதுதான் காட்டிக்கொடுக்கும், ஏ.எஸ்.ஓ. அதற்குச் சரியாக ஏறாது.

அதைவிட முக்கியம் தொண்டை ஸ்வாப் கல்ச்சர், அதாவது பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தேய்த்து எடுத்து லேபில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. இரண்டு டான்சிலையும் பின்சுவரையும் தேய்த்து எடுக்க வேண்டும், நாக்கில் பட்டால் வீண். புது மருந்து தொடங்கும் முன் எடுக்க வேண்டும். ஆசனவாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்து அரிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்ட்ரெப் அங்கேயும் உட்காரும், யாரும் பார்ப்பதில்லை.

இனி மருந்து. ஸ்ட்ரெப் ஏ கிருமி பெனிசிலினுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்டதாக இன்றுவரை தெரியவில்லை. அமாக்சிசிலின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மி.கி., அதிகபட்சம் 1000. 22 கிலோவுக்கு 1100 வரும், ஆகவே 1000-தான்: காலை 500, இரவு 500. தப்பு நடப்பது இங்கேதான். 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப் என்றால் வேளைக்கு 10 மி.லி., நாளைக்கு 20. ஒரு 60 மி.லி. குப்பி மூன்றே நாளில் தீர்ந்துவிடும். குப்பி தீர்ந்ததைக் கோர்ஸ் தீர்ந்ததாக நினைத்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பொடியில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் குறி வரை ஊற்றிக் குலுக்கினால் நுரை அடங்கி மட்டம் இறங்கும், மறுபடி குறி வரை ஊற்ற வேண்டும். கலந்த மருந்து பெரும்பாலும் ஏழு நாளுக்கு மேல் ஆகாது. எட்டு வயதுப் பையனுக்குத் தண்ணீரில் கரையும் 250 மி.கி. மாத்திரை சுலபம்: வேளைக்கு இரண்டு, மொத்தம் 40. நாற்பதையும் ஒரே தடவையில் வாங்கி வையுங்கள். விழுங்கவே பயப்படுகிற பையனுக்குக் கரைத்துக் கொடுப்பதுதான் வழி.

பத்து நாள் கொடுக்க முடியாத வீடென்றால் பென்சத்தீன் பெனிசிலின் ஒரே ஊசி, 27 கிலோவுக்குக் கீழ் 6 லட்சம் யூனிட், மேலே 12 லட்சம். போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். கடும் அலர்ஜி வந்தால் போடும் அட்ரினலின் ஊசி தயாராக இல்லாத இடத்தில் போடக் கூடாது.

பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் எப்படி ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்க வேண்டும். முன்பு லேசாகத் தடிப்பு மட்டும் வந்தது என்றால் செஃபலெக்சின் கிலோவுக்கு 20 மி.கி., தினம் இரண்டு வேளை, 10 நாள். இவனுக்கு வேளைக்கு 440. மருந்து கொடுத்த உடனே முகம் வீங்கி மூச்சு முட்டியிருந்தால் செஃபலெக்சினும் கூடாது, கிளிண்டாமைசின் 150 மி.கி. மூன்று வேளை, 10 நாள். அதற்கும் வழியில்லாதபோதுதான் அசித்ரோமைசின்: கிலோவுக்கு 12 மி.கி., ஐந்து நாள். இவனுக்கு மொத்தம் 1320 மி.கி. 5 மி.லி.க்கு 200 மி.கி. உள்ள சிரப்பில் 15 மி.லி. குப்பி ஒன்றை மூன்று நாளில் முடித்தால் உள்ளே போவது 600. பாதிகூட இல்லை. போன மாதம் காய்ச்சல் விட்டும் கிருமி விடாமல் இருந்திருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின் இதற்கு உதவாது.

ஸ்வாபில் ஒன்றும் வளரவில்லை என்றால்? 2017-ல் வந்த ஒரு நிபுணர் குழு வழிகாட்டி முதல் தடவை எல்லோருக்கும் ஒரு கோர்ஸ் கொடுக்கச் சொல்கிறது. இதை ஏற்காதவர்களும் உண்டு. அறிகுறி தொடங்கிப் பத்து நாள்தான் ஆகிறது என்பதால் ஒரு பத்து நாள் அமாக்சிசிலின் நியாயமே. மாற்றம் இல்லை என்றால் பெயரை மாற்றி மாற்றி வேறு ஆன்டிபயாட்டிக்குகளைத் தொடரக் கூடாது. ஒரு வாரத்தில் தெளிந்தாலும் மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இந்த நோயே ஏறி இறங்குவதுதான். கூடிய நாள், குறைந்த நாளை நோட்டில் குறித்து வைத்தால் டாக்டருக்கு உதவும்.

நீண்டகால அசித்ரோமைசினுக்கு ஆதாரம் சிறுசிறு ஆய்வுகள்தான். 2017-ல் வந்த ஒன்றில் 31 குழந்தைகள், நான்கு வாரம், ஓரளவு பலன். அதுவும் ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே கொடுத்தார்கள். அசித்ரோமைசின் ஈ.சி.ஜி.யில் தெரியும் க்யூ.டி. இடைவெளியை நீட்டும், அதனால் துடிப்பின் தாளம் குலையலாம். வாந்திக்குத் தரும் ஆண்டன்செட்ரானும், டிக்குக்குத் தரும் ஹாலோபெரிடாலும் அதையே செய்யும். அசித்ரோமைசினோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்து எழுதினால் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஸ்ட்ரெப் என்று நிரூபணமாகி ஒவ்வொரு தடவையும் இப்படிக் கிளம்புகிற குழந்தைக்கு மட்டுமே தடுப்பு மருந்தை யோசிக்கலாம்.

ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும், கை கழுவலை நிறுத்தாது. அதற்குக் குழந்தை மனநல மருத்துவர், நடத்தைப் பயிற்சி, தேவைப்பட்டால் எண்ணச் சுழலைக் குறைக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்து, குறைந்த அளவில். இதைப் பத்து நாள் கழித்து அல்ல, கூடவே தொடங்குங்கள். ஐபுப்ரோஃபென் சிலருக்கு உதவுகிறது, ஆனால் காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை தொடாதீர்கள்.

விழுங்கப் பயந்து சாப்பாட்டையும் தண்ணீரையும் தள்ளினாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, சாகணும் என்று சொன்னாலோ ஸ்வாப் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.