ட்ரஃபிள் கேள்வி பதில்: அரிசியில் புதைக்காதீர்கள்

தொண்டி: மச்சான் துபாயிலிருந்து 20 கிராம் கருப்பு ட்ரஃபிள் (மண்ணுக்குள் விளையும் வாசனைப் பூஞ்சை) கொண்டுவந்தார். அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறோம். சரிதானே?

உடனே வெளியே எடுங்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சிவிடும். ட்ரஃபிள் சுருங்கி ரப்பராகும். டிஷ்யூ பேப்பரில் சுற்றி, மூடியுள்ள கண்ணாடி டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் 2 முதல் 4 டிகிரியில் வையுங்கள். பேப்பரைத் தினமும் மாற்ற வேண்டும், நனைந்த பேப்பரில் பூஞ்சணம் பிடிக்கும். அதே டப்பாவில் ஓடு உடைக்காத முட்டை இரண்டு வையுங்கள். ஓட்டின் நுண்துளை வழியே மணம் உள்ளே இறங்கும். கொழுப்புள்ள மஞ்சள் கரு அதைப் பிடித்துக்கொள்ளும்.

ட்ரஃபிளில் ஒட்டியுள்ள மண்ணைக் கழுவுவது சமைக்கும் நேரத்தில்தான். ஆளுக்கு 8 முதல் 10 கிராம். வெண்ணெயை உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, மெல்லிசாகச் சீவிப் போடுங்கள். பட்டை, சோம்பு பக்கம் கொண்டுபோனால் காசு போச்சு. ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இராமேஸ்வரம்: எங்கள் ஓட்டலுக்கு ட்ரஃபிள் எண்ணெய் வாங்கலாமா?

பெரும்பாலான பாட்டில்களில் ட்ரஃபிளே கிடையாது. வெள்ளை ட்ரஃபிளின் மணத்தில் ஒரு பங்கான 2,4-டைதயாபென்டேன் என்ற கந்தகச் சேர்மத்தைச் செயற்கையாகத் தயாரித்து எண்ணெயில் கலக்கிறார்கள். மெனுவில் ‘ட்ரஃபிள்’ என்று போட்டு விலை ஏற்றாதீர்கள்.

பாம்பன்: நம் தீவு மண்ணில் பவளச் சுண்ணாம்பு உண்டு. ட்ரஃபிளுக்கும் சுண்ணாம்பு மண் வேண்டுமாமே?

நல்ல கேள்வி, பாதி சரி. கருப்பு ட்ரஃபிளுக்கு மண்ணின் pH அளவு 8-ஐ ஒட்டி, அதாவது லேசான காரத்தன்மை, வேண்டும். ஆனால் அது ஓக், ஹேசல் மர வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை, குளிர்காலமும் வேண்டும். பனையும் சீமைக் கருவேலமும் அதற்குத் துணை வேர் ஆகாது. நாற்று விற்க வருபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கீழக்கரை: காக்கா (அண்ணே), குவைத்தில் ‘ஃபகா’ என்று மூட்டையாக விற்கிறார்களே, அதுதான் ட்ரஃபிள். நீங்கள் ஏன் ஐரோப்பாவையே பேசுகிறீர்கள்?

தம்பி, அது பாலைவன ட்ரஃபிள், அரபியில் கமா. வேறு குடும்பம். வெள்ளையான ஜுபைதி விலை கூடியது, பழுப்பான இக்லாசி அடுத்தது. இலையுதிர்கால மழை பெய்து, குளிர்காலக் கடைசியில் தரை வெடித்திருக்கும் இடத்தில் தோண்டுவார்கள். மணம் குறைவு, சதை அதிகம்.

கீழக்கரை (மறுபடி): மண்ணுக்குள் விளைகிறது, பூஞ்சை, விலையும் உண்டு. பிறகென்ன குடும்பம்?

சமையலில்தான் குடும்பம் தெரியும். அதைச் சீவித் தூவினால் ருசியே இருக்காது. தோல் சீவி, மூன்று நான்கு தண்ணீரில் மணல் போக அலசி, துண்டாக்கி, நெய்யில் வதக்கி, கறிச் சோற்றில் வேகவிட வேண்டும். மணல் ஒரு துளி தங்கினாலும் பல்லில் நறநறக்கும். ட்ரஃபிள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. ஐரோப்பிய விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஏர்வாடி: கமாச் சாறு கண்ணுக்கு மருந்து என்று ஹதீஸில் (நபிமொழியில்) உள்ளதே?

ஹதீஸின் பொருளை ஆலிமிடம் கேளுங்கள், கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் பிழிந்த சாறைக் கண்ணில் விட வேண்டாம்.

மண்டபம்: ட்ரஃபிள் எண்ணெய் எந்த பிராண்ட் நல்லது?

இராமேஸ்வரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பரமக்குடி: ட்ரஃபிள் கேக்குக்கு எவ்வளவு ட்ரஃபிள் போட வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். அது சாக்லேட்டும் க்ரீமும். சாக்லேட் உருண்டை பார்க்க ட்ரஃபிள் போல இருந்ததால் வந்த பேர். பேக்கரியில் கேளுங்கள்.

தேவிபட்டினம்: அரிசியில் வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

முதல் பதில். முதல் வரி.